முழு இசைத் தொகுப்பும் 128 ஜிபி கைப்பேசியும்: மூன்று வழிகள்

பல ஆண்டுகளாகச் சேர்த்த கச்சேரிப் பதிவுகள் 1,500 மணி நேரத்தைத் தொட்டுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். குறுந்தகட்டின் தரம் குன்றாத ஃபிளாக் வடிவில், மணிக்கு ஏறத்தாழ 350 எம்பி வீதம், அவை 500 ஜிபியைத் தாண்டும். 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 ஆக மாற்றினால் 216 ஜிபி. ஓபஸ் என்னும் மற்றொரு சுருக்க வடிவில், 128 கேபிபிஎஸ் வீதம் மாற்றினால் 86 ஜிபி; இது மட்டுமே 128 ஜிபி கைப்பேசியில் அடங்கும்.

1 டிபி மெமரி கார்டில் அனைத்தையும் போட்டுக்கொள்வதே எளிய வழி. ஆனால் ஐபோனில் அதற்கு இடமே கிடையாது. ஆண்ட்ராய்டிலும் பல கைப்பேசிகள் அதைக் கைவிட்டுவிட்டன. முன்னறிவிப்பின்றிப் பழுதாகும் பொருள் என்பதால் கார்டில் இருப்பதை ஒரே பிரதியாக வைத்திருப்பதும் தகாது.

நேவிட்ரோம், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவி இணையவழி கேட்பது இரண்டாவது வழி. கேட்கும் நேரத்திலேயே கோப்பைச் சுருக்கி அனுப்பும் வசதி இவற்றில் உண்டு. எனினும் வீட்டுக் கணினி எந்நேரமும் இயங்க வேண்டும். இரவு ரயிலில் சிக்னல் போனால் கச்சேரியும் நின்றுபோகும்.

மூலத்தை ஃபிளாக்கில் வீட்டு வன்தட்டில் வைத்துக்கொண்டு, கைப்பேசிக்கென ஓபஸ் பிரதி எடுக்கும் மூன்றாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். ராகம் தானம் பல்லவியைத் தனித்தனித் தடங்களாகப் பிரித்து வைத்திருப்போருக்கு இதன் அருமை புரியும்: எம்பி3 குறியாக்கம் கோப்பின் இரு முனைகளிலும் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடுவதால், அதை நீக்கத் தெரியாத செயலியில், தானம் பல்லவிக்குள் நுழையும் இடத்தில் தம்புரா ஒரு கணம் அறுந்து மீள்கிறது, ஓபஸிலோ எவ்வளவு நீக்க வேண்டும் என்பது கோப்பிலேயே பதிவாகிறது. கேசட்டிலிருந்து எடுத்த பதிவுகளில் ஆதாயம் இன்னும் மிகுதி. நாடாவின் இரைச்சலையும் ஃபிளாக் பயபக்தியோடு சேமிக்கும். இரைச்சலோ எளிதில் சுருங்காத சரக்கு. மோனோவாக உள்ள அத்தகைய பதிவுகளுக்கு 64 கேபிபிஎஸ் ஓபஸ் தாராளமாகப் போதும்.

எம்பி3 ஆக மட்டுமே கிடைத்த பழம்பதிவுகளை மறுபடி சுருக்கினால் இழப்பின் மேல் இழப்பு சேரும் என்பதால், அவற்றை அப்படியே நகலெடுப்பது நல்லது. ஐபோன் வைத்திருப்போர் ஓபஸுக்குப் பதிலாக ஏஏசி வடிவத்தைத் தேர்ந்தால் அதன் சொந்த இசைச் செயலியிலேயே கேட்கலாம். ஓபஸ்தான் வேண்டுமென்றால் விஎல்சி போன்ற வேறொரு செயலியை நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கும்.