18 மாதப் பாவனைக்குப் பிறகு: சமையல் தராசும் காலை நடையும்

உடல் நிறையைக் குறைப்பதற்கென்று ஒன்றரை வருசம் பாவித்துப் பார்த்ததில் 5 கிலோ தாங்கும் சின்னச் சமையல் தராசுக்கு முழுப் புள்ளி போடலாம். காலை நடைக்கு அரைப் புள்ளிதான். குற்றம் நடையில் இல்லை, அதன் மேல் எல்லோரும் போடுகிற கணக்கில்.

மட்டக்களப்பின் கல்லடிப் புதிய பாலம் 288 மீற்றர். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் 45 நிமிடம் நடப்பதென்றால் போய்வர ஆறரைத் தரம். 80 கிலோ நிறையுள்ள ஒருவருக்குக் கைப்பேசிச் செயலி அதற்கு 210 கலோரி என்று காட்டும். அதில் ஏறக்குறைய 60 கலோரி, அந்த முக்கால் மணி நேரமும் வீட்டுத் திண்ணையில் சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும். நடையால் மேலதிகமாகப் போனது 150தான். 115 கிராம் சோற்றுக்கு அது சமம். நடந்து முடித்து, கடையில் பால்மா மூன்று மேசைக்கரண்டியும் சீனி இரண்டு தேக்கரண்டியும் போட்ட தேத்தண்ணி குடித்து, ஒரு ரோல்ஸும் கடித்தால் நடந்தது முழுக்கத் திரும்பி வந்துவிடும், கொஞ்சம் வட்டியோடு.

அதனால் முதலில் கணக்கைச் சரியாக்க வேண்டும். உடம்பு சும்மா இருந்தாலே நாளுக்கு எத்தனை கலோரி செலவழிக்கும் என்று சொல்லும் மிஃப்ளின் சூத்திரம் போதும்: நிறை கிலோவில் ×10, உயரம் சென்ரிமீற்றரில் ×6.25, இரண்டையும் கூட்டி வயது ×5ஐக் கழியுங்கள். ஆணென்றால் 5 கூட்ட வேண்டும், பெண்ணென்றால் 161 கழிக்க வேண்டும். 38 வயது, 72 கிலோ, 155 சென்ரிமீற்றர் பெண்ணுக்கு 1338 வரும். வீட்டு வேலையும் காலை நடையும் உள்ளவர் என்றால் அதை 1.375ஆல் பெருக்க, நாளின் முழுச் செலவு 1840. அதில் 400 குறைத்து நாளுக்கு 1440 என்று வைத்தால், 7700 கலோரிக்கு ஒரு கிலோ கொழுப்பு என்ற கணக்கில் வாரத்துக்கு 350 கிராம் அளவு இறங்கும். மெதுவாகத் தெரியும். நின்று பிடிப்பது இந்த வேகம்தான். கவனிக்க வேண்டியது, 1.375 என்று பெருக்கியபோதே நடை உள்ளே வந்துவிட்டது. பிறகு செயலி காட்டும் 210ஐயும் கூட்டிச் சாப்பிட்டால் ஒரே நடைக்கு இரண்டு தரம் கூலி கொடுத்த மாதிரி. 'நடக்கிறன், குறையுதே இல்லை' என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் சிக்கல்.

மற்றப் பாதிப்பேருக்குத் தேங்காய். எங்கள் பக்கத்துச் சமையலில் சோற்றைவிட ஆபத்தானது கறிச்சட்டிதான். தேங்காய்ப்பூ 100 கிராமில் 350 கலோரிக்கு மேல். பாதித் தேங்காயைத் திருவினால் 120இலிருந்து 200 கிராம் வரை எதுவும் வரலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. சம்பல், சொதி, கீரைச் சுண்டல், பிட்டு எல்லாவற்றிலும் தேங்காய். தனித்தனியே பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை, சேர்ந்தால் ஒரு வேளைச் சாப்பாடு.

தராசு உதவுவது இங்கேதான். வெறும் சட்டியை நிறுத்து, நிறையை அதன் அடியில் பெயின்றால் எழுதிவிடுங்கள். பருப்புக் கறி என்றால்: மைசூர்ப் பருப்பு 200 கிராம் (700 கலோரி), தேங்காய்ப்பூ 100 கிராம் (350), தாளிக்க எண்ணெய் 10 கிராம் (90), வெங்காயம் மிளகாய்க்கு 40. மொத்தம் 1180. இறக்கிய பிறகு சட்டியோடு நிறுத்து, சட்டி நிறையைக் கழிக்க 900 கிராம் வந்தால், 100 கிராம் கறிக்கு 131 கலோரி. வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டாலும் தன் கோப்பைக்குள் விழுவதை மட்டும் நிறுத்தால் போதும். பால் பிழிந்து சக்கையை எறிந்தால் கொழுப்பு முழுவதும் கறிக்குள் வராது. இருந்தாலும் முழுத் தேங்காய்ப்பூவையும் கணக்கில் போடுங்கள். கூடக் கணக்கிட்டுக் கெட்டவர் இல்லை.

சோற்றில் பச்சை அரிசி நிறையையும் வெந்த நிறையையும் குழப்புவதுதான் வழக்கமான பிழை. அரிசி 100 கிராம் 360 கலோரி, வெந்த சோறு 100 கிராம் 130ஐ ஒட்டி. அரிசிக்கு அரிசி தண்ணீர் இழுப்பது வேறுபடும் என்பதால், வீட்டில் வாங்கும் அரிசியை ஒரு தரம் முன்னும் பின்னும் நிறுத்து விகிதத்தைக் குறித்து வையுங்கள். பாணுக்குத் தராசே வேண்டாம். இறாத்தல் 450 கிராம், கால் இறாத்தல் 300 கலோரி அளவு. எருமைத்தயிர் 100 கிராமுக்கு 100 கலோரியை ஒட்டித்தான் வரும். அதன் மேல் ஊற்றும் இனிப்புப் பாணியை எவரும் எழுதுவதில்லை.

கலியாண வீட்டில் சஹன் என்ற பெரிய பொதுத் தட்டில் நாலைந்து பேரோடு பிரியாணிக்கு உட்கார்ந்தால் எதையும் நிறுக்க முடியாது, நிறுக்கவும் வேண்டாம். முதல் நாள் பட்டினியும் மறுநாள் தண்டனையும் தேவையில்லை. வார சராசரி அதைத் தாங்கும்.

நிறை பார்க்கும் மெசினில் தினமும் காலை, மலசலம் கழித்து, ஒன்றும் குடிக்கமுதல், ஓடு பதித்த தரையில் ஒரே மூலையில் ஏறுங்கள். பாயிலோ மேடுபள்ளமான சீமெந்திலோ வைத்தால் எண் ஆடும். ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். இரவு கருவாட்டுக் கறி சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டலாம், அது உப்பு பிடித்து வைத்த தண்ணீர். சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ 'இறங்குவதும்' பெரும்பாலும் தண்ணீர்தான். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன் ஏறும். அவர்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

மூன்று நாலு மாதத்தில் எல்லோருக்கும் ஒரு தடங்கல் வரும். 8 கிலோ குறைந்த உடம்பு நாளுக்கு 110 கலோரி குறைவாகச் செலவழிக்கும், சூத்திரத்தைப் புதிய நிறைக்குத் திரும்பப் போட வேண்டும். அதைவிட முக்கியமான காரணம், அந்த நேரத்தில் தராசு அலுமாரிக்குள் போய், எண்ணெய் ஊற்றுவது மறுபடி கண்மதிப்புக்கு வந்திருக்கும். இரண்டு வாரம் எல்லாவற்றையும் திரும்ப நிறுத்துப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும்.

நடைக்கு அரைப் புள்ளி என்றாலும் விடக்கூடாது. இறங்கிய நிறையைத் திரும்ப ஏறவிடாமல் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வாரத்துக்கு 150 நிமிடம் குறைந்தபட்சம். கூடவே வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை: கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்புவது 12 தரம், சுவரில் தண்டால் 12, ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானைத் தூக்குவது 12, இப்படி மூன்று சுற்று. இதுவும் புரதமும் இல்லாவிட்டால் இறங்கும் கிலோவில் தசையும் கணிசமாகப் போகும். உடல் நிறை கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று வையுங்கள். மீன் 100 கிராமில் 20 கிராம் அளவு, முட்டை ஒன்றில் 6. சூடை, கீரி மீன்கள் மலிவாக வரும் ஊரில் புரத மாவு டின் வாங்குவது வீண் காசு. ஆடி மாதத்தில் கச்சான் என்ற சூடான வரண்ட காற்று வீசும்போது ஆறரைக்கு முன் நடையை முடியுங்கள், மாரியில் வீட்டு மண்டபமே போதும்.

ஓர் எல்லை உண்டு. வைத்தியர் சொல்லாமல் பெண்கள் 1200, ஆண்கள் 1500 கலோரிக்குக் கீழே போகக்கூடாது. வாரத்துக்கு ஒரு கிலோவைத் தாண்டி வேகமாக இறங்கினால் பித்தக்கல் வரும் வாய்ப்பு கூடுகிறது, இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமுடியும் கொட்டும். நீரிழிவுக்குக் கிளிக்லசைட் குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்து மருந்தை அப்படியே வைத்தால் இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். நோன்பு காலத்துக்கு முன்பே மருந்து அளவை வைத்தியரோடு பேசுங்கள். பிரஷர் குளிசைக்காரர்களுக்கும் நிறை குறையக் குறைய அளவு மாற்ற வேண்டிவரலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இந்தக் கணக்கைத் தொடவே வேண்டாம்.

இனித் தராசின் குறைகள். இரண்டு மூன்று கிராமைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது உணராது, எண்ணெயைப் போத்தலோடு வைத்து, பூச்சியமாக்கி, ஊற்றிய பிறகு குறைந்ததைப் பார்ப்பது சரியாக வரும். தேங்காய் திருவி முடிப்பதற்குள் தானாக அணைந்து, பூச்சியமும் மறந்துபோகும். சூடான சட்டியை நேரே வைத்தால் பிளாஸ்ரிக் வளையும், எண்ணும் நழுவும். மரப்பலகை ஒன்றை வைத்துப் பூச்சியமாக்கிய பின் சட்டியை வையுங்கள். மாதம் ஒரு தரம், அளந்த ஒரு லீற்றர் தண்ணீரை நிறுத்துப் பாருங்கள். 1000ஐ ஒட்டி வராவிட்டால் முதலில் பற்றரியைச் சந்தேகியுங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்று பற்றரி முனைகளைப் பச்சையாக்கிவிடும். எலுமிச்சம்புளி தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போட்டால் திரும்ப வேலை செய்யும்.