மாட்டுவதுதான் வம்பு: .22 பிஸ்டல்களில் எது கையைக் கடிக்கும், எது கடிக்காது?

.22 பிஸ்டல் (0.22 அங்குலக் குண்டு சுடும் கைத்துப்பாக்கி) அழுக்குச் சேர்க்கிற சாமான். தோட்டாவின் குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், மேலே மெழுகுப் பூச்சு. சுட்டதும் புகையின் ஒரு பங்கு பின்னால் போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்பு) பக்கமே திரும்பி வரும். அதனால் அடிக்கடி துடைக்க வேண்டியிருப்பது குழலை இல்லை. சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வாய், போல்ட்டின் முகம், எக்ஸ்ட்ராக்டர் (வெற்றுக்கூட்டை இழுக்கும் கொக்கி) நகத்தின் அடி ஆகிய மூன்று இடத்தைத்தான். கரி அங்கே கெட்டியாகப் படிந்தால் வெற்றுக்கூடு வெளியே வராமல் சிக்கும். இந்த மூன்றையும் எட்டுவதற்கு எந்தத் துப்பாக்கி எவ்வளவு பாடு படுத்துகிறது என்பதே இங்கே கேள்வி. அமெரிக்கக் கடைகளில் அதிகம் புழங்கும் மாடல்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எதைக் கழற்றினாலும் முதல் வேலை ஒன்றுதான்: மேகசினை (கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கும் கூடு) உருவு, போல்ட்டை இழு, சேம்பரைக் கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும்.

ரூகர் மார்க் 2, மார்க் 3

1949இல் வந்த, ரூகர் நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் பிஸ்டலின் வாரிசுகள் இவை. முதல் பிஸ்டலின் விலை 37.50 டாலர். தகட்டை இரு பாதியாக அழுத்தி, வெல்டிங் வைத்து ஃப்ரேம் (கைப்பிடி உள்ள அடிப்பாகம்) செய்ததால்தான் அந்த விலை சாத்தியமானது. மேலே குழாய் போன்ற ரிசீவர், அதற்குள் உருண்டையான போல்ட். குழலும் சைட்டும் (குறி பார்க்கும் முனை) அசையாமல் ஒரே துண்டில் நிற்பதால் குறி பிசகாது. அந்த நன்மைக்கான கூலியைத் துடைக்கிற நாளில் கட்ட வேண்டும்.

கழற்றுவது இப்படி. காலி சேம்பர் என்று உறுதியானபின் விசையை (ட்ரிக்கர்) இழுத்து ஹேமரை (உள்ளே அடிக்கும் சுத்தியல்) இறக்கு. கைப்பிடியின் பின்புறத் தாழ்ப்பாளை நெம்பி மெயின்ஸ்பிரிங் (ஹேமரைத் தள்ளும் ஸ்பிரிங்) கூட்டை வெளியே ஆட்டி, கீழ்நோக்கி இழு. ரிசீவரின் தலைவரை நிற்கும் போல்ட் ஸ்டாப் பின்னும் அதோடு வந்துவிடும். போல்ட் பின்னால் நழுவி வரும். பிறகு ரிசீவரை முன்பக்கம் தள்ளிக் கழற்ற வேண்டும். புதுத் துப்பாக்கியில் இது கையால் அசையாது, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இதுவரை சுகம்.

திரும்ப மாட்டும்போது வில்லன் ஹேமர் ஸ்ட்ரட். ஹேமரின் பின்னால் தொங்கும் சின்னக் கம்பி அது. அதன் நுனி மெயின்ஸ்பிரிங் கூட்டிலுள்ள குழியில் போய் உட்கார வேண்டும். ஆனால் அது உள்ளே ஊசலாடிக்கொண்டே இருக்கும், கண்ணுக்கும் தெரியாது. முறை இதுதான்: போல்ட்டை உள்ளே விட்டு, குழல்முனையைத் தாழ்த்தி, விசையை இழுத்து ஹேமரை முன்னால் விழவிடு. ஸ்டாப் பின்னைக் கீழிருந்து ஏற்றி, அதன் நுனி ரிசீவர் மேலே தலைகாட்டுகிறதா என்று பார். வரவில்லையென்றால் போல்ட் சரியாக உட்காரவில்லை, அல்லது ஹேமர் இன்னும் குறுக்கே நிற்கிறது. ஸ்டாப் பின் ஏறியதும் குழல்முனையை மேலே தூக்கு. ஸ்ட்ரட் தானாகப் பின்னால் சாயும். அந்த நிலையிலேயே கூட்டை மூடு.

சரியாக விழுந்ததா என்பதை விரல் சொல்லிவிடும். மூடும் கடைசிக் கட்டத்தில் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ள வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் 'சட்'டென்று மூடிக்கொண்டால் ஸ்ட்ரட் எங்கோ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டை இழுத்தால் பாதியில் நிற்கும். அப்போது பலம் காட்டாதே. கூட்டைத் திற, குழல்முனையைத் தூக்கு, மறுபடியும் மூடு.

மார்க் 3 (2004) இதே சடங்கின் மேல் இன்னொரு தண்டனையை ஏற்றியது. மேகசின் இல்லாவிட்டால் ஹேமர் விழாது. அதனால் காலி மேகசினைப் போடு, விசையை இழு, மேகசினை எடு என்று நடுநடுவே ஒரு கோலாட்டம். இந்த வரிசையிலேயே மிக எரிச்சலானது மார்க் 3தான். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

போல்ட்டையே பிரித்துத் துடைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஃபயரிங் பின்னை (தோட்டாவைக் குத்தும் ஊசி) நிறுத்தும் குறுக்கு முள்ளை மறந்துவிட்டு வெறும் விசை இழுத்தால் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பைக் கொத்தும். அந்தப் பள்ளம் பிறகு துணி, எண்ணெய்க்கெல்லாம் போகாது.

ரூகர் மார்க் 4

2016இல் நிறுவனமே தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரி வந்தது. ஹேமர் ஏறியிருக்க வேண்டும், சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டிருக்க வேண்டும். பின்னாலுள்ள பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் கீல் வைத்த பெட்டி மூடிபோல நிமிரும், போல்ட் கையில் விழும். மாட்ட, முன்பக்கக் கொக்கியைக் கோத்துக் கீழே அழுத்தினால் 'டக்'. தேட ஸ்ட்ரட் கிடையாது. பொத்தான் அமுங்கவில்லையென்றால் தொண்ணூறு சதம் சேஃப்டி போடாததுதான் காரணம். மேல்பாகம் கழன்றிருக்கும்போது விசையைத் தொடாதே. 2017 ஜூன் 1க்கு முன் தயாரான மார்க் 4களை சேஃப்டி கோளாறுக்காக நிறுவனம் திரும்ப அழைத்தது. பழையதை வாங்குகிறவர் வரிசை எண்ணைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

பிரவுனிங் பக் மார்க்

1985 மாடல். ஸ்ட்ரட் தொல்லை இல்லை, ஆனால் ஆலன் கீ வேண்டும். பின்பக்கச் சைட் உட்கார்ந்திருக்கும் மேல்பட்டை ஒரு முனையில் குழலோடும் மறுமுனையில் ஃப்ரேமோடும் திருகப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால்தான் ஸ்லைடு (போல்ட் சேர்ந்த நகரும் பாகம்) வெளியே வரும். சைட்டையே கழற்றித் துடைப்பது நமக்குப் பிடிக்காத ஏற்பாடு: மாட்டியபின் குறி எங்கே போகிறது என்று நாலு தோட்டா செலவழித்துப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூவுக்கு அடியிலுள்ள பொடி வாஷர் தரைவிரிப்பில் விழுந்தால் கதை முடிந்தது, வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் வேலை செய். ரீகாயில் ஸ்பிரிங் கம்பியோடு துள்ளும், கட்டைவிரலை மேலே வைத்துக்கொள். பின்னாலுள்ள பிளாஸ்டிக் பஃபரை (அதிர்ச்சி தாங்கும் துண்டு) மாட்ட மறப்பவர் அதிகம். ஃப்ரேம் அலுமினியம். பலம் காட்டி முறுக்கினால் மரை வழுக்கிவிடும். தளர்வாக விட்டால் சுடச்சுட ஸ்க்ரூ கழலும்.

மற்ற இரண்டு

ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி (2016) விசைக்காப்புக்கு முன்னாலுள்ள ஒரே ஸ்க்ரூவில் மேல்பாகத்தை விடும். சைட் மேல்பாகத்திலேயே இருப்பதால் குறி பிசகாது. அந்த ஸ்க்ரூவை அவ்வப்போது இறுக்கிப் பார்த்தால் போதும். அதே நிறுவனத்தின் மாடல் 41 (1957) ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, விசைக்காப்பைக் கீழே இழுத்தால் குழலைத் தூக்கித் தந்துவிடும். எளிய வழி அப்போதே இருந்தது, விலைதான் எளிதாக இல்லை.

புதிதாக வாங்குகிறவருக்கு மார்க் 4. ஆலன் கீ கையில் பழகியவருக்கு விக்டரி. பக் மார்க்கின் விசை பிடித்துப்போனவர் தாராளமாக வாங்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் முழுதாகக் கழற்ற வேண்டாம்: ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, பிரஷ்ஷால் போல்ட் முகத்தையும் சேம்பர் வாயையும் தேய்த்தாலே பல நூறு தோட்டா ஓடும். மார்க் 2 மலிவாகக் கிடைத்தால் விடாதே. கடையிலேயே, சேம்பர் காலி என்று பார்த்துவிட்டு, போல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார். பாதியில் நின்றால் முந்தைய சொந்தக்காரர் மாட்டத் தெரியாமல் விற்றுவிட்டார். அதைச் சொல்லி விலையைக் குறைத்துவிட்டு, வீட்டில் குழல்முனையை மேலே தூக்கிக்கொள்.