எம்.சி.ஆர். செருப்பு: மரத்துப்போன காலுக்கு எது ஆகும், எது ஆகாது

கோவை அவிநாசி ரோடு, ஈரோடு பெருந்துறை ரோடு மாதிரி ஆஸ்பத்திரிகள் வரிசையாக இருக்கும் தெருக்களில் மருந்துக்கடைக்குப் போய் "சக்கரைச் செருப்பு வேணுங்க" என்றால் போதும். கறுப்பிலோ காப்பிக் கலரிலோ, மேலே இரண்டு பட்டை, குதிகாலைச் சுற்றி ஒரு வார் வைத்த ஜோடியை எடுத்து நீட்டுவார்கள். "எத்தனாம் நம்பருங்க?" என்ற ஒரே கேள்வியோடு வியாபாரம் முடிந்துவிடும். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் விற்கிற விதம் சரியில்லை. சக்கரை நோயில் கால் மரத்துப்போனவருக்கு நம்பர் சொல்லி வாங்கும் செருப்பு பாதிப் பாதுகாப்புதான். சில காலுக்கு அதுவே புண்ணையும் கொடுக்கும்.

இந்தச் சக்கரைச் செருப்புக்குத்தான் எம்.சி.ஆர். செருப்பு என்று பெயர். எம்.சி.ஆர். என்றால் மைக்ரோ செல்லுலார் ரப்பர். ரப்பருக்குள் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழிகள் அடைபட்டிருக்கும். குமிழிகள் ஒன்றோடொன்று திறந்துகொள்வதில்லை என்பதால் பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்காது, அமுக்கினால் அமுங்கும், விட்டால் எழும்பும். பாதம் படுகிற மெத்தைக்கு, ரப்பரின் கெட்டியை அளக்கும் ஷோர் அளவில் 15 டிகிரி மென்மை வேண்டும், கனம் 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதற்கு அடியில், தரையைத் தேய்க்கிற சோல் கெட்டி ரப்பராக இருக்க வேண்டும். மேலே மெத்து, கீழே கெட்டி, இரண்டும் சேர்ந்தால்தான் அது எம்.சி.ஆர். செருப்பு. மேலிருந்து கீழ்வரை ஒரே நுரையில் வார்த்து, எம்.சி.ஆர். என்று ஸ்டிக்கர் ஒட்டியதும் கடையில் கலந்தே கிடக்கிறது.

இந்தச் செருப்புக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு. டாக்டர் பால் பிராண்ட் (Paul Brand) 1914ல் கொல்லிமலையில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். அறுவைச் சிகிச்சை மருத்துவராகி 1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய்க்காரர்களின் விரலும் பாதமும் கரைவது நோய் சதையைத் தின்பதால் அல்ல, வலி செத்துப்போனதால் தெரியாமலே திரும்பத் திரும்பப் படும் காயத்தால் என்று காட்டியவர் அவர்தான். அந்தப் பாதங்களுக்காக வேலூர், கரிகிரி பக்கம் செய்து செய்து பார்த்த காலணிகளின் வழியில் வந்ததுதான் இன்று கையில் இருக்கும் செருப்பு. 1966ல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபின், அதே பாடம் சக்கரைக்காரர் காலுக்கும் போய்ச் சேர்ந்தது. அரசு இதைத் தொழுநோயாளிகளுக்கு இலவசமாகத் தருவதால், "இதைப் போட்டால் ஊரில் என்ன நினைப்பார்களோ" என்று கூசி, வாங்கிய ஜோடியைப் பரண்மேல் போட்டுவிட்டு ரப்பர் செருப்போடு திரிகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தக் கூச்சத்துக்கு ஒரு விரலை விலையாகக் கொடுக்காதீர்கள்.

சக்கரை காலுக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தால் செருப்பில் எதைப் பார்ப்பது என்பதும் புரிந்துவிடும். நம்மிடம் அதிகம் இருப்பது இரண்டாம் வகை. வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து, இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதன் சொல் கேட்காமல், கணையம் கூடக் கூடச் சுரந்து களைத்துப்போவதில் அது தொடங்குகிறது. அப்பன் ஆத்தா வழியில் வரும் வாகும் சேரும். கம்பஞ்சோறும் ராகிக்களியும் தின்று, மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த குடும்பம், மூன்று வேளை அரிசி, உட்கார்ந்த வேலை என்று மாறியது இரண்டு மூன்று தலைமுறைக்குள். பெரிய தொந்தரவு எதுவும் காட்டாமல் பல வருசம் ஓடிவிடுவதால், சக்கரை இருக்கிறது என்று சொல்லப்படுகிற அன்றைக்கே சிலருக்குக் கால் நரம்பு கெட ஆரம்பித்திருக்கும்.

நரம்பில் நீளமானது முதலில் கெடுகிறது. அதனால்தான் எரிச்சலும் மதமதப்பும் கால்விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகின்றன. தொடு உணர்வு போனால் செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி நடந்துவிடுவார்கள். குதிகால் வார் அதற்காகத்தான். பாதத்துச் சின்னத் தசைகளுக்குப் போகும் நரம்பு கெட்டால் தசை வற்றி, விரல்கள் கொக்கி மாதிரி மடங்கும். மடங்கிய விரல்கள் பாரம் தாங்காமல், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முனைகள்மேல் எடை முழுதும் இறங்கும். மெத்தை அந்த இடத்துக்குத்தான். வியர்வை நரம்பு கெட்டால் பாதம் காய்ந்து குதிகால் வெடிக்கும். கட்டைவிரல் இடுக்கில் வார் நிற்கிற ஹவாய் செருப்பு இந்தக் காலுக்கு ஆகாததும் இதனால்தான். அதைப் பிடித்துக்கொள்ள விரல்கள் இன்னும் மடங்க வேண்டும், இடுக்கில் அறுத்தாலும் தெரியாது.

உணர்வு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்கிற நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் அது வளையும்வரை அழுத்திக் கேட்கும் பரிசோதனை, ஐந்து நிமிட வேலை. டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம், வருசத்துக்கு ஒரு தடவையாவது. கூடவே காலின் ரத்த ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் போகாத காலில் எந்தச் செருப்பும் புண்ணை ஆற்றாது.

சாயந்திரம் கடைக்குப் போங்கள். காலையில் சரியாக இருக்கும் செருப்பு பொழுது சாயும்போது வீங்கிய காலைப் பிடிக்கும். போகும் முன் வீட்டில் ஒரு அட்டைமேல் இரண்டு காலும் ஊன்றி நின்று, பென்சிலை நேராகப் பிடித்து இன்னொருவரை வரையச் சொல்லி, வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய கால்தான் கணக்கு. அந்த அட்டையைச் செருப்புமேல் வைத்தால் நீளத்தில் விரல் பக்கம் குறைந்தது ஒரு செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும், சுண்டுவிரல் பக்கத்து ஓரம் மெத்தையை விட்டு வெளியே வரவே கூடாது. நம்பரை ஒன்று கூட்டினால் அகலம் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். அகலம் சரியாகும், ஆனால் நீளம் அதிகமாகி நடக்கும்போது கால் முன்னும் பின்னும் வழுக்கும், அந்த உராய்விலேயே கொப்புளம் வரும். அகலப் பாதத்துக்கு அளவெடுத்துச் செய்வதுதான் வழி. விலை கூடத்தான் ஆகும், ஆனாலும் கொடுக்கலாம்.

மெத்தையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கிள்ளுங்கள். நல்ல எம்.சி.ஆர். பாதிக் கனத்துக்கு அமுங்கி, விட்டதும் திரும்பிவிடும். விரல் பள்ளம் அப்படியே நின்றால் அது வெறும் நுரை. அமுங்கவே மாட்டேன் என்றால் சோல் ரப்பரையே மெத்தையாகப் போட்டிருக்கிறார்கள். வார் மெத்தைக்குள் இறங்கும் இடத்தில் உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். தையல் முடிச்சோ வெட்டின ஓரமோ நெருடினால் வேண்டாம். கடைசியாக ஒரு காந்தத்தைச் சோல்மேல் ஓட்டுங்கள். இந்தச் செருப்பு பசையிலும் தையலிலும் மட்டுமே நிற்க வேண்டும். இரும்பு ஆணி இருந்தால் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும், மெத்தை அமுங்கும் நாளில் ஆணித்தலை மேலே வரும்.

புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்குமேல் போடாதீர்கள். கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். அழுத்தம் பட்ட இடம் அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் செருப்பு சேரவில்லை என்று அர்த்தம். நம் மாநிறத் தோலில் சிவப்பு எடுத்துத் தெரியாது, அதனால் புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள். ஒரு காலின் அதே இடம் இன்னொரு காலைவிடச் சூடாக இருந்தால் தோலுக்கடியில் ஏதோ நடக்கிறது. 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் என்றால் நடையைக் குறைத்து டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மருத்துவ நூலில் எழுதியிருப்பது சிமெண்டுத் தரைக்கு. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கிளுவை வேலியும் வெள்வேல மரமும்தான். அந்த முள் மென்மையான ரப்பரில் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். முள் ஏறிய செருப்பைத் திருப்பிப் பார்த்தால் சோலில் சின்னக் கறுப்புப் புள்ளிதான் தெரியும். வெளியே ஒடிந்துவிட்டதால் போய்விட்டது என்று நினைப்போம். மெத்தையை உள்ளங்கையால் அழுத்தும்போதுதான் முனை எழும்பிக் கையைக் குத்தும். நின்றால் மட்டும் வெளியே வரும் முள், மரத்த காலில் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஆட்டுப்பட்டிக்கும் காட்டுக்கும் போகிறவர்கள் கடைச்சரக்கை அப்படியே போடக் கூடாது. அடியில் கூடுதலாக ஒரு கெட்டி ரப்பர் தகடு ஒட்டித் தரச் சொல்லுங்கள், அளவெடுத்துச் செய்யும் இடங்களில் செய்வார்கள். ஒவ்வொரு தடவை போடும் முன்னும் உள்ளே கையை அழுத்தித் தடவுங்கள். கையும் மரத்திருந்தால் வீட்டில் இருப்பவர் கை.

சோமனூர், பள்ளிபாளையம் தறிக்கூடங்களில் பிரச்சினை வேறு. எட்டு, பத்து மணி நேரம் நின்ற வேலை என்பதால் மெத்தை சீக்கிரம் அமுங்குகிறது. பஞ்சுத் தூசி வாரின் ஒட்டுப்பட்டையில் (வெல்க்ரோ) அடைந்து பிடிப்பு போகிறது. வாரம் ஒருமுறை பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் கொக்கிப் பக்கத்தைக் கிளறிவிட்டால் பிடிப்பு கூடுதல் நாள் நிற்கும். சாயப்பட்டறை ஈரத்தில் ரப்பருக்கு ஒன்றும் ஆகாது, வாரின் உள்துணிதான் ஊறி, விரலிடுக்கு வெளுத்துச் சேற்றுப்புண் வரும். அங்கே இரண்டு ஜோடி வைத்து மாற்றிப் போடுவதைத் தவிர வழியில்லை. நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும், ரப்பர் இறுகும். எண்ணெய் குதிகால் வெடிப்புக்குத் தடவலாம், விரலிடுக்கில் கூடாது. பைக் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் திறந்த செருப்பு போதாது. கியர் கம்பி விரல்மேல் தேய்ப்பதும் சைலன்சர் சுடுவதும் தெரியாது. மேலே மூடிய, விரலுக்கு உயரமான ஷூ வேண்டும்.

பெரும்பாலோர் தவற விடுவது வீட்டுக்குள் நடக்கும் நடைதான். நாம் செருப்பை வாசலில் கழற்றுகிறவர்கள். ஒரு நாளில் வைக்கும் அடிகளில் பெரும்பங்கு சமையல்கட்டுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில்தான், அங்கே கால் வெறுங்கால். ஆக வாங்கினால் இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒன்று வாசலைத் தாண்டவே கூடாது. கோயிலுக்கு வெயில் ஏறும் முன் போங்கள், மதியக் கல்தரை கொப்புளம் போட்டுவிடும். வெள்ளைப் பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். வெள்ளை என்று சொல்வதற்குக் காரணம், ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கறை தெரியும். பழனிக்குப் பாதயாத்திரை நேர்ந்துகொண்டவர்கள் வெறுங்காலோடு நடப்பதை டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள், மேலே போக வின்ச்சும் ரோப்காரும் இருக்கின்றன. உணர்வு போன காலோடு குண்டம் இறங்கவே (தீ மிதிக்கவே) கூடாது. சூடு தெரியவில்லை என்பதற்குக் காரணம் நரம்பு.

யாருக்கு இது ஆகாது? புண் இருக்கிறவர்களுக்கு. புண்மேல் நடக்காமல் எடையை மாற்றிவிடும் கட்டோ பூட்ஸோதான் அப்போது மருந்து, மென்மையான செருப்பு அந்த வேலையைச் செய்யாது. கால் திடீரென்று வீங்கி, சூடாகி, வலி மட்டும் அவ்வளவாக இல்லையென்றால் அது சார்கோட் பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கும், ஒரு அடியும் வைக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விரல் எடுத்தவர்கள், பாதம் கோணியவர்கள் தட்டை மெத்தையில் நின்றால் பாரம் ஓரிடத்திலேயே விழும். அவர்களுக்குப் பாதத்தின் அச்சில் வார்த்த மெத்தை வேண்டும். ஆணிக்கால் உள்ளவர்கள் கடையில் விற்கும் ஆணிக்கால் பிளாஸ்திரியைத் தொடாதீர்கள், அதிலிருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். பிளேடும் வேண்டாம், எருக்கம்பாலும் வேண்டாம்.

வாங்கிய தேதியைச் சோலின் குழிவில் மார்க்கரால் எழுதிவையுங்கள். தினம் போட்டால் ஆறு மாதத்தில் மெத்தையைப் பரிசோதிக்க வேண்டும், வெளியே புதுசாகத் தெரிந்தாலும். உழைத்த செருப்பை ஓரத்திலிருந்து குறுக்கே வெட்டிப் பார்த்தால் விசயம் விளங்கும். பலருக்குக் குதிகால் பக்கம் கனம் அதிகம் குறையாமல் இருக்கும், கட்டைவிரலுக்குப் பின்னால் குமிழிகள் நசுங்கிக் கனம் குறைந்திருக்கும். வெட்டாமலே பார்க்க அந்த இடத்தைக் கிள்ளுங்கள். கல்லாக இருந்தால் மெத்தை முடிந்தது. தெருமுனையில் தைக்கக் கொடுத்தால் ஆணி அடிக்க வேண்டாம், நூலால் தையுங்கள் என்று சொல்லி, திரும்பி வந்ததும் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். அடுத்த ஜோடி வாங்கும்போது பழையதை எறிந்துவிடாமல் கூடவே எடுத்துப் போங்கள். மெத்தையில் எந்த இடம் பள்ளமாகி, எந்தக் காலில் அது ஆழமாக இருக்கிறது என்பதை வைத்து, இனி தட்டை மெத்தை போதுமா, அச்சு மெத்தைக்கு மாற வேண்டுமா என்று செய்கிறவர் சொல்லிவிடுவார்.