வரிசை ஆறா, வி-6ஆ?

கார் எஞ்சினின் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நின்றால் வரிசை ஆறு, மூன்று மூன்றாக ஆங்கில V வடிவில் பிரிந்து நின்றால் வி-6. தொப்பூர் கணவாயில் ஏறும்போது கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காதைத் தீட்டினால் வித்தியாசம் தெரியும். வி-6இல் பக்கத்துக்கு மூன்று சிலிண்டர், ஒற்றைப்படை, அதனால் முன்னும் பின்னுமாக ஓர் ஆட்டம் மிச்சமிருக்கும், அதை அடக்கப் பல எஞ்சின்களில் பேலன்ஸ் ஷாஃப்ட் என்ற, ஆட்டத்தைச் சமன்செய்யச் சுழலும் தண்டைத் தனியாகச் சேர்க்கிறார்கள். ஆறும் ஒரே வரிசையில் நின்றால் முன் மூன்றின் ஆட்டத்தைப் பின் மூன்று தின்றுவிடும்.

அப்புறம் வரிசை ஆறைப் பல கார் கம்பெனிகள் ஏன் கைவிட்டன? நீளம்தான். வி-6 குட்டை, எங்கும் அடங்கும், சரி. பிஎம்டபிள்யூ வரிசை ஆறை விடவே இல்லை. வி-6க்குப் போன மெர்சிடிஸ் 2017இல் எம்256 எஞ்சினோடு திரும்பி வந்தது, ஏசி கம்ப்ரஸரையும் வாட்டர் பம்ப்பையும் 48 வோல்ட் மின்சாரத்தில் ஓட்டி, அவற்றைச் சுழற்றும் முன்பக்க பெல்ட்டையே எடுத்து நீளத்தைக் குறைத்தார்கள். என் ஓட்டு வரிசை ஆறுக்குத்தான், கிருஷ்ணகிரி டோலில் நிற்கும்போது எஞ்சின் ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.