ஜூனியர் பாய்ஸின் ‘வெயிட்டிங் கேம்’: ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்

கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில் ஹாமில்டன் என்று ஓர் எஃகு ஆலை நகரம். ஜெரமி கிரீன்ஸ்பன், மேட் டிடெமஸ் இருவரின் எலக்ட்ரானிக் பாப் இசைக்குழு ஜூனியர் பாய்ஸ் அங்கே பிறந்ததுதான். 2004-இல் ‘லாஸ்ட் எக்ஸிட்’ ஆல்பம், 2006-இல் ‘ஸோ திஸ் இஸ் குட்பை’. விமர்சகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பெரிய கூட்டம் மட்டும் சேரவே இல்லை. 2016-இன் ‘பிக் பிளாக் கோட்’டுக்குப் பிறகு ஆறு வருடம் சத்தமில்லை. 2022 அக்டோபரில் ‘வெயிட்டிங் கேம்’ ஆல்பம் வந்தது. அதுவும் சத்தமில்லாமல்தான், இரண்டு பொருளிலும்.

முதல் தடவை போட்டால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். தாளம் பல இடங்களில் பின்னுக்குப் போய்விடுகிறது. கிரீன்ஸ்பனின் குரலோ காதோரம் முணுமுணுப்பதைத் தாண்டி எழுவதில்லை. பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் தெரிவது, பாதி கோளாறு நாம் கேட்கும் விதத்தில்தான்.

ஸ்பாட்டிஃபையில் கேட்பவர்கள் முதலில் செட்டிங்ஸில் வால்யூம் லெவலைப் பாருங்கள். ‘லவுட்’டில் இருந்தால் ‘நார்மல்’ ஆக்குங்கள். ‘நார்மல்’ என்பது -14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க உரக்க), ‘லவுட்’ -11. சத்தம் குறைந்த பாட்டை அந்த அளவுக்கு ஏற்றும்போது, ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர் உள்ளே வந்து உச்சங்களை அமுக்கிவிடும். எல்லாம் ஒரே மட்டத்தில் வந்து நின்றால் இந்த ஆல்பத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? ஷஃபிளும் வேண்டாம். வரிசையாகப் போட்டால் ஆல்பம் முழுவதற்கும் ஒலியளவை ஒரே அளவில்தான் ஸ்பாட்டிஃபை கூட்டும் அல்லது குறைக்கும். கலைத்துப் போட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக மாறும். அமைதியாக இருக்க வேண்டிய பாட்டு பக்கத்துப் பாட்டுக்குச் சமமாக உயர்ந்துவிடும்.

அடுத்து அறை. ஃபேன், ஏசி போன்ற இடைவிடாத இரைச்சல் மெல்லிய சின்த் (சின்தசைசர்) ஒலிகளை அப்படியே விழுங்கிவிடும். அதை மீறி வால்யூமைக் கூட்டினால் குரலும் சேர்ந்தே உரக்கும், முணுமுணுப்பு முணுமுணுப்பாக இருக்காது. ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் (அடிமட்ட ஒலி) கிடையாது, முயலவே வேண்டாம். இயர்ஃபோன் என்றால் ரப்பர் முனை காதை முழுதாக அடைக்கிறதா என்று பாருங்கள். சின்ன இடுக்கு இருந்தாலும் முதலில் கசிந்து போவது பேஸ்தான். சில ஒயர்லெஸ் இயர்பட்கள் நிசப்தம் வந்தால் தூங்கப் போய்விடும், அடுத்த பாட்டின் முதல் நொடி வெட்டுப்படும். அப்படி ஆனால் ஒயர் போட்டுக் கேளுங்கள்.

அளவு சரிதானா என்று பார்க்க ‘ஸோ திஸ் இஸ் குட்பை’யில் இரண்டு பாட்டு போதும். ‘இன் த மார்னிங்’கில் மூச்சிரைப்பையே தாளவாத்தியம் மாதிரி பயன்படுத்தியிருக்கிறார்கள், ஒவ்வொரு மூச்சும் துண்டாகக் கேட்க வேண்டும். அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாடிய ‘வென் நோ ஒன் கேர்ஸ்’ பாட்டை டிரம்ஸே இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். அதில் குரலைச் சுற்றியிருக்கும் வெறுமை உங்களுக்குக் கேட்டால், அதே வால்யூமில் ‘வெயிட்டிங் கேம்’ போடலாம்.

குறையும் உண்டு. ‘இன் த மார்னிங்’ போல உடனே பிடித்துக்கொள்ளும் ஒரு பாட்டு இதில் கிடையாது. காரில் எடுபடாது, விருந்துக்கு ஆகவே ஆகாது. ஜூனியர் பாய்ஸே புதிது என்றால் 2006 ஆல்பத்தில் தொடங்கி, ஓரிரு மாதம் கழித்து இதற்கு வாருங்கள். நாற்பது நிமிடம்கூட இல்லை. இரவு பதினோரு மணிக்கு மேல், தெருவில் வண்டிச் சத்தம் ஓய்ந்ததும், முதல் பாட்டிலிருந்து.