மெதுவான லைனில் அன்சிபிள்: மிட்டோஜென் போட்ட பிறகு

ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு மணலி, மீஞ்சூர், காட்டுப்பள்ளிப் பக்கம் உள்ள கன்டெய்னர் யார்டுகளின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. எடை மேடைக் கணக்கும் கேட் பாஸும் அந்தச் சின்னப் பெட்டிகளில்தான் ஓடுகின்றன. ஃபைபர் போகாத யார்டுகளில் சிம் போட்ட 4ஜி ரூட்டர்தான் கதி. சாயங்காலம் வண்டிகள் வரிசை கட்டி நின்று, டிரைவர்கள் எல்லோரும் போனைக் கையில் எடுத்துவிட்டால் பிங், அதாவது ஒரு தகவல் போய்த் திரும்பும் நேரம், 300 மில்லி செகண்டைத் தாண்டிவிடும். இந்தச் சர்வர்களை இங்கிருந்தே செட்டப் செய்ய அன்சிபிள் என்ற கருவிதான் வைத்திருக்கிறோம்; அதற்கு எழுதித் தரும் வேலைப் பட்டியல்தான் பிளேபுக், அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். அந்த மாதிரி நேரத்தில் பிளேபுக் ஓட்டுவது பொறுமைக்குச் சோதனை. அதற்காகத்தான் அன்சிபிளை வேகமாக்கும் மிட்டோஜென் என்ற துணைக்கருவியைப் போட்டோம், இன்றுவரை எடுக்கவில்லை. இலவசம், ஓப்பன் சோர்ஸ், டேவிட் வில்சன் எழுதத் தொடங்கியது.

அன்சிபிள் ஏன் இழுக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கட்டளையில் -vvv என்று மூன்று 'வி' போட்டு ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு படியையும் விவரமாகக் காட்டும். ஒரே ஒரு டாஸ்குக்கு எஸ்எஸ்ஹெச் (தூரத்துச் சர்வருக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வரி திரும்பத் திரும்ப வரும். ஹோம் டைரக்டரி எது என்று கேட்கும், தற்காலிக ஃபோல்டர் ஒன்று போடும், மாட்யூலை (டாஸ்க்கைச் செய்து முடிக்கும் சின்ன நிரல்) பைத்தான் ஃபைலாகக் கட்டி அனுப்பும், அனுமதி மாற்றும், ஓட்டும், கடைசியில் அழிக்கும். ஆறு படி. ஒவ்வொரு படிக்கும் இரண்டு தடவை போய் வந்தாலே பன்னிரண்டு. 300 மில்லி செகண்டில் அது 3.6 செகண்ட், வேலை எதுவும் நடக்காமல் வெறும் காத்திருப்பு மட்டும். ஐம்பது டாஸ்க் இருந்தால் மூன்று நிமிடம் அதிலேயே போச்சு. எண்ணூர் விரைவுச் சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் ஒரே டிரெய்லர் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு தடவை துறைமுகம் போய் வந்தால் நேரம் ஆகத்தானே செய்யும், அதேதான் இங்கேயும். 'பிளானை மாத்து, ஸ்பீடு ஏத்து' என்று ரூட்டருக்குச் செலவு செய்கிறவர்கள் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, மிட்டோஜெனுக்குப் போகும் முன்னால் செய்ய வேண்டியது பைப்லைனிங். அன்சிபிளிலேயே இருக்கிறது, ஆனால் தானாக ஓடாது, நாம்தான் ட்ரூ என்று போட வேண்டும். மாட்யூலை ஃபைலாக வைக்காமல் நேராக பைத்தானுக்குள் ஊட்டிவிடுவதால் பாதிப் படிகள் காணாமல் போகும். சுடோவில் (நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டுவது) ரிக்வயர்-டிடிஒய், அதாவது டெர்மினல் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி, இருக்கிற பழைய சென்ட் ஓஎஸ் பெட்டிகளில் இது முரண்டு பிடிக்கும், அந்த விதியை எடுத்துவிடுங்கள். தேவையில்லாத இடத்தில் கேதர் ஃபேக்ட்ஸையும் (ஆரம்பத்தில் சர்வர் விவரங்களைச் சேகரிப்பது) நிறுத்துங்கள். ஃபோர்க்ஸை 5-இலிருந்து ஏற்றினால் பல சர்வர்கள் ஒரே நேரத்தில் ஓடும், ஆனால் மெதுவான அந்த ஒரு யார்டு வேகமாகாது.

இதற்கு மேலே மிட்டோஜென் என்ன செய்கிறது என்பதுதான் அழகு. ஒரே ஒரு எஸ்எஸ்ஹெச் இணைப்பு. அந்தப் பக்கம் ஒரு பைத்தானை எழுப்பி, அதை உயிரோடு வைத்துக்கொண்டு, தேவையான கோடை மட்டும் சுருக்கி அனுப்புகிறது. ஒரு தடவை போனது அங்கேயே நினைவகத்தில் இருக்கும், அடுத்த டாஸ்குக்கு மறுபடி அனுப்புவதில்லை. பைப்லைனிங்கில்கூட ஒவ்வொரு டாஸ்குக்கும் முழு மூட்டையும் புதிதாகப் போகும். பைத்தானின் பிப் மூலம் நிறுவி, அன்சிபிள் கான்ஃபிக்கில் இரண்டு வரி சேர்த்தால் போதும், பிளேபுக்கைத் தொடவே வேண்டாம். 1.25 முதல் 7 மடங்கு வரை வேகம் என்று அவர்களுடைய ஆவணத்தில் இருக்கிறது. எங்களுக்கு டெம்ப்ளேட், லைன்-இன்-ஃபைல், சர்வீஸ் மாதிரி சின்ன டாஸ்குகள் நிறைந்த பிளேபுக்கில்தான் பெரிய வித்தியாசம். முன்பெல்லாம் ஒவ்வொரு 'ஓகே' வரிக்கும் ஸ்கிரீனையே முறைத்துக்கொண்டிருப்போம், இப்போது மளமளவென்று இறங்குகிறது. யார்டில் இருக்கிற தம்பி போனை வைக்கும் முன்னரே "அண்ணே, பிரிண்டர் வந்துடுச்சு" என்கிறான்.

பெரிய ஃபைல் காப்பி, ஆப்ட் அப்டேட் (மென்பொருள் பேக்கேஜ்களைப் புதுப்பிப்பது) இரண்டிலும் மட்டும் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். அங்கே பைட்டுகள் அந்த 4ஜி வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஒரு தடவை இறக்கிய பேக்கேஜைச் சேமித்து வைத்துத் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜியை யார்டிலேயே வைத்ததுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. சில மாட்யூல்கள் ஒரே பைத்தானுக்குள் தொடர்ந்து ஓடும்போது குழம்பலாம், அந்த டாஸ்குக்கு மட்டும் டாஸ்க் ஐசொலேஷனை ஃபோர்க் என்று வைத்தால், அதாவது தனி ப்ராசஸில் ஓட்டினால், தீரும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வெர்ஷன். ஒவ்வொரு மிட்டோஜெனும் குறிப்பிட்ட அன்சிபிள் வெர்ஷன்களோடுதான் ஒத்துப்போகும், கண்ணை மூடிக்கொண்டு அப்கிரேடு செய்தால் அடுத்த நாள் காலையில் எதுவும் ஓடாது. போதாக்குறைக்கு அன்சிபிள்-கோர் 2.19 முதல், வெளியிலிருந்து வரும் ஸ்ட்ராட்டஜி ப்ளகின்களை (டாஸ்குகளை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்கும் இணைப்புகள்) கைவிடப் போவதாக எச்சரிக்கை வருகிறது, மிட்டோஜென் நிற்பதே அந்த ப்ளகின் மேல்தான். அதனால் இரண்டு வெர்ஷனையும் பூட்டி ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்டில் (தனிப் பைத்தான் சூழல்) வைத்திருக்கிறோம், பக்கத்திலேயே பைப்லைனிங் மட்டும் போட்ட இன்னொரு கான்ஃபிக்கும் தயாராக இருக்கிறது. புதிதாகப் போடுகிறவர்கள் முதல் நாளிலேயே இந்த இரண்டாவது கான்ஃபிக்கையும் எழுதி, ஒரு யார்டில் ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.