சுத்தம் பண்ணியதுதான் தப்பு: பழைய ஃபிளை பிரஸ்ஸோடு ஏழு வருடம்

போன வாரம்தான் ஃபிளை பிரஸ்ஸுக்கு, அதாவது குண்டு மாட்டிய கையைச் சுற்றினால் திருகு இறங்கித் தகட்டை வெட்டுகிற கை மிஷினுக்கு, இரண்டாவது தடவையாகத் திருகு ஓடுகிற நட்டை மாற்றினேன். கிரீஸ் கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அருமனையிலிருந்து மச்சினன் போன் பண்ணினான்.

"அத்தான், கோட்டாறுல ஒரு பழைய பிரஸ் கெடக்கு. நாலாம் நம்பர். எடைக்குத் தருவாங்களாம். எடுக்கட்டா? ஒங்ககிட்டயும் ஒண்ணு உண்டுல்லா, வல்லதும் பிரச்சனை உண்டா?"

"உண்டு" என்றேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அவனுக்கு எழுத உட்கார்ந்தது இவ்வளவு நீண்டுவிட்டது. பழைய பிரஸ் எடுக்க நினைக்கிற மற்றவர்களுக்கும் ஆகட்டும்.

என்னுடையதும் நாலாம் நம்பர்தான். ஒற்றை பாடி, ஒரு குண்டு, மூன்று ஸ்டார்ட் மரை, அதாவது ஒரே திருகில் மூன்று மரை பக்கம் பக்கமாகச் சுற்றி ஓடும். கம்பெனிப் பெயர் இருந்த இடத்தை எவனோ கிரைண்டர் போட்டு அழித்திருக்கிறான், அதனால் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்காதீர்கள்.

வாங்கிய நேரம் அப்படி. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்ததை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. எங்கள் பட்டறைக்குக் கரண்ட் திரும்பி வர இருபது நாளுக்கு மேல் ஆனது. ஒரு எச்.பி. மோட்டார் வைத்த பவர் பிரஸ் வைத்திருந்தேன். அது அத்தனை நாளும் சாக்கு போர்த்திக்கொண்டு கிடந்தது. கரண்டே வேண்டாத ஒரு பிரஸ் இருந்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. 2018 ஜனவரியில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஆக்கர் கடையில், பழைய இரும்பு வாங்கி விற்கிற இடம், தென்னை மட்டைக்கு அடியில், துருப்பிடித்துக் கிடந்ததைக் கண்டேன். கிலோ 30 ரூபாய் கணக்கில் 5,800 ரூபாய். டெம்போவில் ஏற்ற நாலு பேர், இறக்க ஆறு பேர். இறக்கும்போது குறுக்கே வந்து நின்று யோசனை சொன்னவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

திருகு ஒரு மயிரிழை அசையவில்லை. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து பத்து நாள் மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். பதினோராம் நாள் குண்டைப் பிடித்து உலுக்கியபோது "கிறீச்" என்று கால் சுற்று வந்தது. அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன் என்றால் என் நிலைமை புரியும்.

இந்த இடத்தில் ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். சின்ன போல்ட்டுகளின் துருவை எடுக்க, ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஃபார்மிக் ஆசிட்டில் போட்டால் ஒரே ராத்திரியில் பளபளவென்று வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். எங்கள் பக்கம் எல்லா வீட்டுப் புரையிலும் அது ஒரு கன்னாசு இருக்கும். போட்டேன். காலையில் பளபளவென்றுதான் இருந்தது. கழுவி வெயிலில் வைத்துவிட்டுக் காப்பி குடித்து வருவதற்குள் எல்லாவற்றிலும் மஞ்சள் துரு பூத்துவிட்டது. மரையின் முனைகளையும் ஆசிட் தின்றிருந்தது. இரண்டு போல்ட்டைத் தூக்கி எறிந்தேன். கம்பி பிரஷ்ஷும் பொறுமையும் போதும், ஆசிட் பாலுக்கு மட்டும்.

பாடியில் கழுத்துப் பக்கம் ஒரு விரிசல் இருந்தது. வார்ப்பு இரும்பு என்பதால் சாதாரண ராடு பிடிக்காது. சூடேற்றி, நிக்கல் ராடு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் போட்டு, ஒவ்வொரு தடவையும் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, மணலில் புதைத்து ஆறவிட்டார் வெல்டர். ஏழு வருடம் அடித்தும் அது விடவில்லை.

நட்டு கதை வேறு. பழைய நட்டு தேய்ந்து லொடலொட என்று ஆடியது. மூன்று ஸ்டார்ட் சதுர மரையை நட்டின் உள்ளே வெட்டுவது லேத்தில் லேசான வேலை இல்லை. ஒன்றை வெட்டி முடித்து, சரியாக மூன்றில் ஒரு பங்கு தள்ளி அடுத்ததைத் தொடங்க வேண்டும். நாலு லேத் பட்டறைகளில் "வேண்டாம் அண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஐந்தாவது இடத்தில் நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர் ஒப்புக்கொண்டார். அவர் கை வேலையில் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். வார்ப்பு வாங்கிய இடத்தில்தான் என்னை ஏமாற்றினார்கள். கன்மெட்டல் என்று காசு வாங்கிவிட்டுப் பித்தளையைத் தலையில் கட்டினார்கள். கன்மெட்டலில் செம்போடு ஈயம் பூசுகிற வெள்ளீயம் சேரும், அறுத்த முகம் சிவந்து தெரியும். பித்தளையில் செம்போடு துத்தநாகம், மஞ்சளாகத் தெரியும். மஞ்சளாகத்தான் தெரிந்தது. தெரிந்தும் வாங்கி வந்தேன், அவசரம். அந்த நட்டுதான் இப்போது தேய்ந்து போய் மாற்றியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குண்டு தானாக இறங்குகிறது.

ஆக்கர் கடையில் கிடந்தபோது குண்டை எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். நான் துருவை எடுத்து, மரையைத் துடைத்து, புது நட்டு போட்டு, நல்ல எண்ணெய் விட்டு, திருகின் கீழே ஏறி இறங்குகிற கட்டையான ராம் ஓடுகிற தடத்தையெல்லாம் ஸ்கிரேப் பண்ணி வழவழப்பாக்கினேன். முதல் நாள் குண்டை மேலே சுற்றி வைத்துவிட்டு தகடு வெட்டுகிற அச்சான டையை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் குண்டு தன்பாட்டுக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டு இறங்கி வருகிறது. கோயில் யானை நடப்பது போல ஒரு அவசரமும் இல்லை. ராம் வந்து பெட்டில், அடித்தட்டில், உட்கார்ந்தது.

காரணம் ஒன்றும் மாயம் இல்லை. லாரிக்கு வைக்கிற திருகு ஜாக்கியில் மரை நெருக்கமாக இருக்கும், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் இறங்காது. ஃபிளை பிரஸ்ஸில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை அங்குலம் இறங்குகிற மாதிரி மரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவு இல்லாவிட்டால் அடி விழாது. ஆனால் உராய்வு குறைந்தால் ராமின் எடையே போதும், திருகு தானாகச் சுற்றும். அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது துருதான். அந்தத் துருவைத்தான் நான் பத்து நாள் டீசல் ஊற்றி எடுத்தேன்.

2019-இல் ஒரு நாள் டை பொருத்திக்கொண்டிருந்தேன். இடது கை உள்ளே, வலது கையில் ஸ்பேனர். போன் அடித்தது, தோளால் எடுக்கப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் நகம் கறுத்து, ஒரு மாதத்தில் விழுந்து, திரும்பி முளைத்தது கொஞ்சம் கோணலாக. வேகமாக அடித்திருந்தால் விரலே போயிருக்கும். தானாக இறங்கியதால் நகத்தோடு போயிற்று. அதற்கு நன்றி சொல்வதா திட்டுவதா என்று இன்றைக்கும் முடிவாகவில்லை.

அதன்பிறகு அந்தக் குண்டை நிறுத்த நான் பார்க்காத வைத்தியம் இல்லை. திருகின் மேல்பக்கம் மாட்டுத்தோலைச் சுற்றி ஒரு கிளாம்ப் போட்டேன். நன்றாகப் பிடித்தது. பங்குனி வெயிலில் தோல் காய்ந்து வழுக்கியது. ஆனி ஆடி மழையில் ஊறி உப்பி, குண்டைச் சுற்றவே விடவில்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை, ஆகவே வருடத்துக்கு நாலு தடவை அந்த போல்ட்டைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்கூட்டர் ஸ்டாண்டு ஸ்பிரிங் போட்டேன், மூன்றாம் வாரம் அறுந்து கூரை ஓட்டை உடைத்தது. உத்தரத்தில் கப்பி மாட்டி எதிர்ப்பாரம் கட்டினேன், ஒவ்வொரு அடிக்கும் அந்த மணல் டப்பா ஊஞ்சல் ஆடி என் தலையைத் தேடியது. ராம் ஆடாமல் பக்கத்தில் பிடிக்கிற சிப்பை இறுக்கிப் பார்த்தேன். ராம் நின்றது, அடியும் செத்தது. ஐம்பது அடிக்குள் தோள் இறங்கிவிட்டது.

இப்போது இரண்டு ஏற்பாடு. தோல் இருக்கிறது. அதோடு ஒரு பலாக்கட்டையைச் சங்கிலியில் கட்டிப் பாடியிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். கை உள்ளே போவதற்கு முன் கட்டை உள்ளே போக வேண்டும். மகன் உதவிக்கு வரும்போது அவனுக்கு நான் சொல்லும் ஒரே சட்டம் இதுதான். தகட்டை நகர்த்துவதும் குச்சியால்தான், விரலால் இல்லை.

இத்தனை திட்டிவிட்டு இனி சொல்லப் போவதைப் படித்தால் மச்சினன் சிரிப்பான்.

அரை மில்லி ஜி.ஐ. தகட்டில் ரப்பர் சில்லு வெட்டும்போது, மரத்தில் வெட்டுக்குக் கீழே அடித்து சிரட்டைக்குப் பால் வழிய வைப்போமே அந்தச் சில்லு, இந்தப் பிரஸ்ஸுக்கு இணை நான் கண்டதில்லை. குண்டை முக்கால் சுற்று வீசி விட்டால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். ராமில் மாட்டிய வெட்டுமுனையான பஞ்ச் தகட்டைத் தொடுகிற அந்த நொடி உள்ளங்கையில் தெரியும். முதலில் ஒரு சின்ன எதிர்ப்பு, அப்புறம் "டப்" என்று விட்டுக்கொடுக்கும். டையின் முனை மழுங்கத் தொடங்கினால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரியும், அந்த "டப்" கொஞ்சம் "டர்ப்" ஆகும். உடனே கழற்றித் தீட்டிவிடுவேன். பவர் பிரஸ் இதையெல்லாம் சொல்லாது. அது மழுங்கிய டையிலும் அதே வேகத்தில் அடித்து, பிசிறு வைத்த ஆயிரம் சில்லைக் கூடையில் கொட்டிவிட்டுத்தான் ஓயும். பஞ்சுக்கும் டைக்கும் இடைவெளி இந்தத் தகட்டுக்குப் பக்கத்துக்கு முப்பது நாற்பது மைக்ரான்தான். அதைச் சரிபார்க்க நான் இப்போது காகிதம் வைத்துப் பார்ப்பதுகூட இல்லை, ஒரு அடி மெதுவாக விட்டுப் பார்ப்பேன்.

வருமானம் என்று கேட்டால் முதல் சில வருடம் ஒன்றுமில்லை. ரப்பர் விலை 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் பறந்தது, 2016 தொடக்கத்தில் நூறுக்குக் கீழே வந்து விழுந்தது. அதிலிருந்து நிமிர்வதற்குள் ஒக்கி மரங்களையே சாய்த்துவிட்டது. மரம் இல்லாதவன் சில்லு எதற்கு வாங்குவான்? வாஷர், கதவுக் கொண்டித் தகடு, தேங்காய் துருவிக்கு அடிப்பட்டை என்று கிடைத்ததை அடித்தேன். ரப்பர் கன்று வெட்டுக்கு வர ஏறக்குறைய ஏழு வருடம். ஒட்டுக் கன்று மரமென்றால் ஒட்டுப்போட்ட இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் ஆகியிருக்க வேண்டும். ஒக்கிக்குப் பிறகு 2018-இல் நட்ட மரங்கள் இப்போதுதான் அந்த அளவுக்கு வருகின்றன. இந்த வருடம் குலசேகரத்துக் கடைகளிலிருந்து சில்லு ஆர்டர் கேட்டு வருகிறார்கள். மரமும் பிரஸ்ஸும் ஒரே வயது என்று நினைத்துக்கொள்வேன். நட்டு தேய்ந்ததும் அந்த ஆர்டரின் நடுவில்தான், அது அதன் குணம்.

புது நட்டு அசல் கன்மெட்டல். அறுத்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்கினேன். அதே அண்ணாச்சிதான் வெட்டித் தந்தார். பொருத்தம் அவ்வளவு நன்றாக இருக்கிறது, குண்டு முன்பைவிட வேகமாக இறங்குகிறது.

ஆகவே மச்சினா, எடுக்காதே. உனக்கு அவசரபுத்தி, பேசிக்கொண்டே வேலை செய்கிற பழக்கம், பத்து விரலும் முழுசாக இருக்கின்றன. ஒரு பழைய பவர் பிரஸ் எடுத்து, கைக்கு மறைப்புப் போட்டு, மரியாதையாக வேலை செய். நட்டுக்கும் வெல்டிங்குக்கும் தோலுக்கும் டெம்போவுக்கும் நான் இதுவரை போட்ட காசைக் கூட்டினால், விலையைப் போல நாலு மடங்கு வரும். இது என் முடிவு.

கோட்டாறு பிரஸ்ஸின் திருகை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மரை எத்தனை ஸ்டார்ட் என்று பார்க்க வேண்டும். பாடியில் பெயர் அழியாமல் இருந்தால் அதையும் எடு. ஞாயிற்றுக்கிழமை வரை கடைக்காரனிடம் முன்பணம் ஏதாவது கொடுத்து நிறுத்தி வை, நான் வந்து ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன். உனக்கு இல்லையென்றால் யாருக்காவது ஆகும்.

இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டறைப் பக்கம் "டக்" என்று ஒரு சத்தம். மழைக்குத் தோல் உப்பியிருக்கும், நிற்கும் என்று நம்பிக் கட்டை வைக்காமல் வந்துவிட்டேன். பஞ்சின் முனை என்ன ஆனதோ, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.